மாடியில் பூசிய பச்சை

செப்டம்பர் 28, ஞாயிறு

பழைய நோட்டு நேற்றோடு முடிந்தது. புது நோட்டின் முதல் பக்கத்தில் யாருடையது என்று எழுதிவைப்பது என் வழக்கம். வே. செங்கோடன், வயது அறுபத்தெட்டு, எட்டாவது வரை படிப்பு. நாமக்கல்லில் முப்பத்தொரு வருடம் குஞ்சுப் பொரிப்பகத்தில் எந்திரம் பார்த்தவன். ஆறு வருடமாக இந்தக் கருத்தரிப்பு மையத்தில் ஜெனரேட்டர், ஏ.சி., கேஸ் சிலிண்டர், மொட்டை மாடியில் நிற்கும் காற்று எந்திரம் எல்லாம் என் பொறுப்பு. எந்திரம் எல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சம்பளப் பட்டியலில் மட்டும் 'உதவியாளர்' என்று போட்டிருக்கிறார்கள்.

டீசல் முக்கால் டேங்க். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இரண்டு நிறைய, ஒன்று பாதி. நைட்ரஜன் மூன்று.

புதன்கிழமை ஆயுத பூஜை. இந்த வாரம் லேப் காலி. பெனிட்டா அம்மிணி நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறார். அவர்தான் லேபில் கரு வளர்ப்பவர். மாடியில் காற்று எந்திரத்தின் அடிச்சட்டமும் உள்தகடும் துருவேறிக் கிடந்தன. வெளிக்காற்றை இழுத்து, தூசு வடிகட்டி, வாடை பிடிக்கும் கரி வடிகட்டி இரண்டிலும் விட்டு, லேபுக்கு அனுப்புகிற எந்திரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேட்டுக்கு அடித்ததில் மீந்த பச்சை எனாமலில் தின்னர் கலந்து இரண்டு கை பூசினேன். யாரும் சொல்லவில்லை. சொல்லித்தான் செய்வது என்றால் அது வேலையில் சேராது.

புதிதுபோல் நிற்கிறது. நகக்கண்ணில் ஏறிய பச்சை மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

அக்டோபர் 1, புதன்

பூஜை நன்றாக நடந்தது. ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கேட்டுக்குள் வரக் கூடாது, பெயிண்ட், பினாயில் எதைத் தொட்டாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று பெனிட்டா எழுதி ஒட்டிய தாள் வரவேற்பறையில் இருக்கிறது. மற்றவர்கள் அதைப் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன். வரவேற்பில் இருக்கும் மேனகா சாம்பிராணித் தட்டோடு வந்ததை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். நாள் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

பெரிய டாக்டரம்மா தமயந்தி மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "புதுசா வாங்குன மாதிரி வெச்சிருக்கீங்க செங்கோடன்" என்றார்.

முப்பத்தேழு வருடத்தில் மேலே இருப்பவர் ஒருவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. பொரிப்பகத்தில் வந்த கடைசி வார்த்தை வேறு. முட்டையை எந்திரத்தில் வைத்த இருபத்து நாலாம் மணியிலிருந்து தொண்ணூற்றாறாம் மணி வரை கிருமிக்கு மருந்துப் புகை போடக் கூடாது. அந்த வயதில் உள்ளே இருக்கும் உயிர் அதைத் தாங்காது. இது எனக்குத் தெரியாதா? நான் போட்டேன் என்றும், பதினோராயிரம் முட்டை கெட்டதற்கு நான்தான் காரணம் என்றும் மேற்பார்வையாளர் மாணிக்கவேல் எழுதிக் கொடுத்தார். நான் போடவில்லை என்றேன். வெளியே வந்தேன். ஏழு வருடம் ஆகிறது. இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அக்டோபர் 4, சனி

பெனிட்டா வந்துவிட்டார். லேப் கதவைத் திறந்ததும் ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

"தொறந்த உடனே என்னவோ ஒரு வாசம் அடிச்ச மாதிரி இருந்துது ஐயா. இப்ப இல்ல."

"ஒரு வாரம் பூட்டிக் கெடந்தா அப்படித்தான் இருக்கும் அம்மிணி" என்றேன்.

முப்பத்திரண்டு வயதுப் பெண். தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை, உடுத்தின துணியில் சோப்பு வாசம்கூட இல்லை. தன் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் வேலைக்கு வந்தபோது, மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன் என்று சொன்னவர்.

லேபுக்குள் எனக்கு அனுமதி இல்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். நாளை முட்டை எடுப்பது என்றால் இன்றே தட்டுத் தயாராகும். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டில் கடுகு கடுகாகத் திரவத் துளிகள். துளி காயாமலும் சூடு மாறாமலும் இருக்க மேலே எண்ணெய். அதை இன்குபேட்டரில் வைத்துப் பதப்படுத்திய பிறகுதான் மறுநாள் அதில் உயிர் இறங்கும். ஐந்து நாளைக்கு அந்தத் துளிதான் தாய்வயிறு. கதவை எத்தனை நொடி திறந்தார் என்று தானே எண்ணுகிறார். உதடு அசைவது எனக்குத் தெரியும்.

நாங்கள் முட்டையை அட்டி அட்டியாகத் தள்ளுவோம். நூற்றுக்கு எண்பத்தைந்து குஞ்சு வந்தால் முதலாளி முகத்தில் சிரிப்பு. இவருக்கு நூறு கிடையாது. சில நாள் எட்டு. சில நாள் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறார்.

அக்டோபர் 8, புதன்

பூங்கோதைக்கு இன்று முட்டை எடுத்தார்கள். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை. முப்பத்தொன்பது வயது. புருஷன் லோகு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போகிறவன். மாதக்கணக்கில் வரமாட்டான். இப்போது வந்திருக்கிறான். இது இரண்டாவது முயற்சி.

கொத்தாக மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நான் ஒரு கூடை வைத்திருக்கிறேன். அதில் கழற்றிப் போடச் சொன்னேன்.

"ஏனுங்கய்யா, பூவுக்கே இந்தப் பாடா? நாளைக்கு மூச்சையும் வாசல்லயே உட்டுட்டு வான்னு சொல்லுவீங்களாட்ட இருக்குது."

"சொன்னாலும் சொல்லுவேன். மேல இருக்கறது உன் புள்ளைங்க. வாடை ஆகாது."

சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டாள். ஏழு முட்டை கிடைத்தது. ஐந்து கரு ஆனது என்று மறுநாள் கேட்டு இங்கேயே சேர்த்து எழுதினேன்.

அக்டோபர் 11, சனி

மேனகா முடியில் ஏதோ புது எண்ணெய் தேய்த்து வந்தாள். வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். டாக்டரம்மாவிடம் புகார் சொன்னாளாம். சொல்லட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

ஐந்தாம் நாள். வழக்கமாகக் கருவில் பாதிக்குப் பாதி ஐந்தாம் நாளைப் பிடிக்கும். உள்ளே நீர் கட்டி, பந்துபோல உருண்டு நிற்கும் என்று பெனிட்டா படம் காட்டியிருக்கிறார். இந்த வாரம் நாலு பேருடைய கரு உள்ளே இருந்தது. பத்தொன்பதில் இரண்டுதான் தேறின. பூங்கோதையுடையது ஐந்தும் மூன்றாம் நாளிலேயே நொறுங்க ஆரம்பித்து நின்றுவிட்டன.

பூங்கோதை படியில் உட்கார்ந்திருந்தாள். லோகு பக்கத்தில் நின்றான். கூடையைப் பார்த்து, "பூ வெச்சுட்டு வந்ததுனாலங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூடையை எடுத்து உள்ளே வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

இன்குபேட்டர் கம்பெனியிலிருந்து நிதீஷ் என்ற பையன் வந்தான். சூடு, கேஸ், ஈரம் எல்லாம் அளந்தான். ஒரு பிழையும் இல்லை. கடைசியில் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "பெருசு, மேல எதாச்சும் நோண்டுனீங்களா?" என்றான்.

அவன் அப்பன் டவுசர் போட்ட காலத்தில் நான் முட்டை அடைவைக்கும் செட்டர் எந்திரம் ஓட்டியவன். ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

அவன் போன பிறகு பெனிட்டா தனியாக வந்து கேட்டார். "கோவிக்காதீங்க ஐயா. பூஜை வாரம் மேல ஏதாவது வேலை நடந்துதா?"

ஒன்றும் இல்லை என்றேன். துடைத்தேன், பொட்டு வைத்தேன். அது நோண்டுவதில் சேராது.

சிலிண்டர் கொண்டுவருகிறவன்மேல் எனக்குச் சந்தேகம். புது ஏஜென்சி. பெனிட்டாவிடம் சொன்னேன். "ஆதாரம் இல்லாம ஒருத்தர் மேல போட வேண்டாம் ஐயா" என்றார். சிலிண்டரை மாற்றிப் பார்த்தார். எண்ணெய்ப் புட்டியை மாற்றிப் பார்த்தார். தட்டு, குழாய், கையுறை ஒவ்வொன்றாக. ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றுகிறார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது என்று தெரியாமல் போகுமாம். எனக்கு இதை முப்பத்தொரு வருடத்தில் யாரும் சொன்னதில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெரு முழுக்கப் புகை. காலையிலேயே காற்று எந்திரத்தின் வெளிவாயை மூடி, உள்காற்றிலேயே ஓடவிட்டேன். என் வீட்டுக்காரி ருக்மணி அதிரசம் கட்டிக் கொடுத்திருந்தாள். வாசலில் நின்று தின்றேன். எண்ணெய்ப் பலகாரத்தோடு உள்ளே போகக் கூடாது.

அக்டோபர் 22, புதன்

மறுபடியும் சரியில்லை. பதினேழாம் தேதி எடுத்த முட்டைகள். பதினொன்றில் ஒன்று.

டாக்டரம்மா அறைக் கதவு திறந்திருந்தது. நான் வெளியே ஏ.சி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் எடத்துக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வர்றாங்க பெனிட்டா. நவம்பர் பத்தாந் தேதி. நான் வேற என்ன பண்றது, நீயே சொல்லு."

"வரட்டும் மேடம். என் கைதான் தப்புன்னா தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன். ஆனா தெரியாம எழுத மாட்டேன். அதுவரைக்கும் தேட விடுங்க."

குரல் உயரவில்லை. அழவில்லை. நான் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு அறையில் நின்று கத்தியது நினைவுக்கு வந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அக்டோபர் 25, சனி

பூங்கோதை மறுபடி ஊசிக்கு வருகிறாள். வயது ஏறுவதால் தள்ளிப்போட வேண்டாம் என்று அடுத்த மாதச் சுற்றிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அவளுடைய சொந்த முட்டையில் இதுதான் கடைசி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். நவம்பர் நாலாம் தேதி எடுக்கிறார்கள். லோகு ரிக் வண்டிக்குப் போகாமல் இருக்கிறான்.

தலையில் பூ இல்லை. கூடையை எட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஒண்ணும் கொண்டாரலீங்க" என்றாள். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி ஏறிய தழும்பு.

"வலிக்குதா?" என்று கேட்டேன். எதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தார்ப்பாய்ல ஏத்தற ஊசிக்கு இது கொசுக்கடிங்கய்யா."

அக்டோபர் 28, செவ்வாய்

பெனிட்டா ஒரு தாளில் கோடு போட்டுக் கொண்டுவந்தார். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வாரமும் எத்தனை கரு ஐந்தாம் நாளைப் பிடித்தது என்ற கோடு. சமமாக வந்து அக்டோபர் முதல் வாரத்தில் செங்குத்தாக விழுகிறது.

"படிப்படியா குறையல ஐயா. ஒரே நாள்ல விழுந்திருக்கு. அப்ப என்னவோ ஒண்ணு மாறியிருக்கு. நீங்க தினமும் எழுதுவீங்களே, அந்த நோட்டுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன் அம்மிணி. ஒண்ணும் இல்ல."

பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

டீசல் அரை டேங்க். நிரப்பச் சொல்லியாயிற்று. பக்கத்துப் பரோட்டாக் கடைப் புகைக்கூண்டு நம் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். இல்லை. கடைக்காரன், "வாங்க பெரியவரே, மோப்பம் புடிச்சது போதும், உக்காந்து ரெண்டு சாப்பிடுங்க" என்றான்.

நவம்பர் 1, சனி

தூசு வடிகட்டி மாற்றும் நாள். பன்னிரண்டரை மணிக்கு மாடிக்குப் போனேன். மழை விட்டு நாலு நாளாக நல்ல வெயில். தகரக் கூரை கொதித்தது. காற்று எந்திரத்தை நிறுத்திவிட்டு உள்மூடியைக் கழற்றினேன்.

வாசம் வந்தது.

முதலில் வேறு எங்கிருந்தோ என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தேன். பிறகு குனிந்து உள்தகட்டில் மூக்கை வைத்தேன். தின்னர். லேசாகத்தான். காலை வேளையில் வந்திருந்தால் தெரிந்திருக்காது. ஒரு மாதமாக நான் காலை வேளையில்தான் வந்துகொண்டிருந்தேன்.

மூடியைத் திரும்ப மாட்டினேன். எந்திரத்தை ஓட விட்டேன். கீழே இறங்கினேன். மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன்.

நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

டீசல் முழு டேங்க். வேறு ஒன்றும் இல்லை.

ருக்மணி, "சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க, தின்னாத்தான உள்ள போகும்" என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

காலை ஏழரைக்குப் பெனிட்டா வந்தார். நோட்டை முதல் பக்கத்தில் விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன ஐயா?"

"படிங்க."

படித்தார். தேதியின்மேல் விரலை வைத்தார்.

"உள்தகட்டுலயுமா அடிச்சீங்க?"

"ரெண்டு கை."

"கரி வடிகட்டிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டு பக்கமும்."

கோபம் வரும் என்று நின்றேன். வந்தது கணக்குப் போடும் முகம். "கரி ஒரு அளவுக்குத்தான் குடிக்கும் ஐயா. நெறஞ்சுட்டா அதுவே கசிய ஆரம்பிச்சிரும். அதான் வாசம் போன பிறகும் சரியாகல. நம்ம மூக்குக்குத் தெரியாத அளவே கருவுக்கு அதிகம். நமக்குத் தோல் இருக்கு, ஈரல் இருக்கு, வடிகட்டிக்கிடுவோம். அதுக்கு ஒண்ணுமே கெடையாது. வர்றது எல்லாம் நேரா உள்ள போயிரும்."

பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"கேட்டது அந்தப் பையன்."

"பிறகு நானும் கேட்டேனே ஐயா. ரெண்டு தடவை."

நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வந்தார். நோட்டைப் படித்தார். எந்திரம் புதிதுபோல் இருக்கிறது என்று தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். "உங்களை என்ன பண்றது செங்கோடன்?"

"என்ன வேணும்னாலும் பண்ணுங்க. இந்த அம்மிணியை அனுப்பாதீங்க."

"அதெல்லாம் பெறகு பேசலாம் மேடம்" என்று பெனிட்டா குறுக்கே வந்தார். "நாளைக்கு பூங்கோதைக்கு முட்டை எடுக்கணும். ஊசி போட்டாச்சு, தள்ள முடியாது. எடுத்த உடனே முட்டையா உறைய வெச்சிரலாம். நைட்ரஜனுக்குள்ள வாடை போகாது. லேப் சுத்தமான பிறகு எழுப்பிக் கருவாக்கலாம். ஒண்ணு ரெண்டு எழும்பாமப் போகும். ஆனா இந்தக் காத்துல அஞ்சு நாள் வெக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்."

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவருக்கு இது தெரியும். வழியும் கண்டுபிடித்துவிட்டார். நான் இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"வந்தவங்களுக்கெல்லாம் காரணம் சொல்லணுமா பெனிட்டா?" டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"சொல்லணும் மேடம். எல்லாருக்கும்."

டாக்டரம்மா தலையசைத்தார். பூங்கோதைக்கு நான் சொல்கிறேன் என்றேன்.

பதினோரு மணிக்கு அவள் வந்தாள். பெஞ்சில் லோகுவோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் நின்றுகொண்டு சொன்னேன். மாடி, துரு, பூஜை, பச்சை எனாமல், தின்னர். உன் ஐந்து கருவும் நின்றது பூவால் இல்லை, என்னால் என்றேன்.

லோகு எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கூடையில பூவைப் போடச் சொன்னீங்களே, அன்னைக்கு உங்க கையில பெயிண்ட் இருந்துச்சுங்களா?"

"நகக்கண்ணுல இருந்துச்சு."

"எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்?"

"சனிக்கெழமையில இருந்து."

"ரெண்டு நாளு." தலையைக் குனிந்து விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க இதச் சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு எடுக்கறதும் அந்தக் காத்துக்குத்தானுங்களே போயிருக்கும்."

"ஆமா."

"போங்கய்யா. இப்ப உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

போனேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆறு முட்டை. எடுத்த இரண்டு மணி நேரத்தில் ஆறும் நைட்ரஜனுக்குள் போய்விட்டன. ஒரு வைக்கோல் துரும்பைவிட மெல்லிய பட்டையின் நுனியில் ஒவ்வொன்றையும் ஏற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் முக்குகிறார் பெனிட்டா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

மாடிச் சாவியை டாக்டரம்மா வாங்கிக்கொண்டார். இனி சாவி மேனகாவிடம். நான் ஏற வேண்டுமானால் என்ன வேலை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

மேனகா பேனாவை நீட்டினாள். "தெளிவா எழுதுங்க தாத்தா, எனக்குப் படிக்கத் தெரியணும்."

எழுதினேன்.

நவம்பர் 12, புதன்

பச்சை பூசிய சட்டத்தையும் தகட்டையும் மொத்தமாகக் கழற்றி எறிந்தாயிற்று. சுரண்டலாம் என்றேன். சுரண்டினால் பொடி குழாய்க்குள் போகும் என்று பெனிட்டா மறுத்துவிட்டார். எவர்சில்வரில் புதிது செய்து வந்தது. கரி வடிகட்டி இரண்டும் புதிது. குழாய் உள்பக்கத்தைத் திருச்சியிலிருந்து வந்த ஆட்கள் துடைத்தார்கள். ஐந்து நாளாக லேப் காலியாக, காற்று மட்டும் ஓடுகிறது.

வாடையை அளக்கும் கருவி ஒன்று வந்திருக்கிறது. கைக்கு அடக்கமாக இருக்கிறது. மூக்குக்குத் தெரியாததை எண்ணாகக் காட்டுகிறது. பெனிட்டா அதை என் சட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். எண் தாவியது.

"என்ன சோப்பு ஐயா?"

சொன்னேன். நாளையிலிருந்து அவர் போடும் சோப்பையே வாங்கப் போகிறேன்.

கோயமுத்தூர்க்காரர் வரவில்லை. வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேனகா போனில் பேசியது காதில் விழுந்தது.

நவம்பர் 15, சனி

கருவி சொல்வதை மட்டும் பெனிட்டா நம்பவில்லை. பரிசோதனைக்குப் பிறகு மீந்து, தூக்கிப் போட வேண்டிய விந்தை, சம்மதம் வாங்கித் தட்டில் விட்டு நாலு நாள் இன்குபேட்டரில் வைத்திருந்தார். நாலாம் நாளும் நீந்துகிறதா என்று எண்ணினார். பழைய அளவுக்கு நீந்துகிறதாம். அப்போதும் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்றார்.

எனக்குப் பிடிவாதக்காரன் என்று பெயர். பிடிவாதம் என்றால் என்னவென்று இந்தப் பெண்ணிடம் பார்க்கிறேன். தன்னைச் சரி என்று சொல்ல அது பிடிக்கவில்லை. சரியாகும்வரை பிடிக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

ஆறு முட்டையையும் எழுப்பினார்கள். ஐந்து எழுந்தது. நாலு கரு ஆனது.

நவம்பர் 21, வெள்ளி

மூன்றாம் நாள். நாலும் நிற்கின்றன. நொறுங்கவில்லை. காலை, மதியம், மாலை மூன்று தடவை கையெழுத்துப் போட்டு மாடிக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வந்தேன். வேலை என்ற இடத்தில் "பார்ப்பது" என்று எழுதினேன். மேனகா சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஐந்தாம் நாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. எட்டு மணிக்கே வந்து சிலிண்டர் அறையில் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்குப் பெனிட்டா வந்து கூப்பிட்டார்.

ஆலோசனை அறையில் பெரிய திரை. பூங்கோதையும் லோகுவும் முன்னால் நாற்காலியில். நான் வாசலிலேயே நின்றேன். பூங்கோதை திரும்பாமல், "உள்ள வாங்கய்யா" என்றாள்.

நாலில் இரண்டு ஐந்தாம் நாளைப் பிடித்திருந்தன. ஒன்று சுமார். இன்னொன்றைப் பெனிட்டா பெரிதாக்கிக் காட்டினார். வட்டமாக, தண்ணீரில் விழுந்த நிலாபோல் இருந்தது. ஓரத்தில் ஒரு இடத்தில் மேல் தோல் பிளந்து, உள்ளே இருப்பது கொஞ்சம் வெளியே பிதுங்கியிருந்தது.

"ஓடு ஒடைஞ்சிருக்குதே அம்மிணி" என்றேன்.

"ஒடையல ஐயா. பொரியுது." முதல் தடவையாகச் சிரித்தார். "கருவுக்கும் மேல ஒரு ஓடு உண்டு. நல்லா வளந்த கரு அஞ்சாம் நாள், ஆறாம் நாள் அதக் கிழிச்சுட்டு வெளிய வந்தாத்தான் கருப்பையில ஒட்டும். நாங்களும் பொரியுதுன்னுதான் சொல்லுவோம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாது. முப்பத்தொரு வருடம் லட்சக்கணக்கில் ஓடு உடைவதைப் பார்த்தவன் நான். மனுஷக் கருவும் ஓட்டைக் கிழித்துக்கொண்டுதான் வருகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இவ்வளவு சின்னது. இதை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, காற்றைக் கழுவி, ஐந்து நாள் காத்து, இந்த இடம்வரை கொண்டுவந்திருக்கிறார் இந்தப் பெண். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் மங்கலாகத்தான் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு அதைப் பூங்கோதையின் வயிற்றில் வைத்தார்கள். ஒட்டியதா என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரியும். போகும்போது வாசலில் நின்று காலிக் கூடையைப் பார்த்தாள்.

"இத எடுத்துராதீங்க. ரெண்டு வாரங் கழிச்சுப் பூவோட வர்றேன். கழட்டிப் போட எடம் வேணுமல்ல."

லோகு என்னைப் பார்க்கவில்லை. அவன் பார்க்காதது சரி.

நவம்பர் 24, திங்கள்

டீசல் முக்கால் டேங்க். நைட்ரஜன் இரண்டு.

வேலை முடிந்து வந்து, ஏழு வருடத்துக்கு முந்தைய நோட்டைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். "இத்தன வருசமா அதத் தொட விட்டதில்லையே" என்றாள் ருக்மணி. தூசு தட்டிக் கொடுத்துவிட்டு, கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூலை மாதம். முட்டை வைத்த நாள் எழுதியிருந்தது. அதற்கு மறுநாளைக்கு மறுநாள் மருந்துப் புகை போட்டேன் என்றும் எழுதியிருந்தது. என் கையெழுத்துதான்.

பொரிப்பகத்துப் பழைய ஆள் ஒருவனைப் பிடித்து மேற்பார்வையாளர் மாணிக்கவேலின் நம்பர் வாங்கினேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"யாருங்க?"

"செங்கோடன்" என்றேன்.

ஜூலை மாதப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன். தேதியிலிருந்து அவருக்குப் படிக்க ஆரம்பித்தேன்.